ஊசிக்கு அப்புறம் வந்த வலி

ஆரணி,
7.11.2021

அன்புள்ள தேவநேசா,

தேசூரில் உன் மகன் ரெஜி உன்னை நன்றாகக் கவனித்துக்கொள்வான், பிள்ளை என்றால் அவன் பிள்ளை. நீதான் போனை எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

முள்ளிப்பட்டில் உங்கள் நெசவாளர் தெருவுக்குப் புடவை வாங்க வந்தபோதெல்லாம், "கொரோனா ஊசி போட்ட அப்புறம் உடம்புக்கு என்னா பண்ணுது?" என்று கேட்டுப் பட்டியல் எழுதினேன். நாற்பத்தாறு பேருக்குக் கால் மரத்துப்போகிறது, இடுப்பு வலிக்கிறது. பெரிய டாக்டர் மாதிரி அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

போன வாரம் நர்ஸாக இருக்கும் என் தங்கை திரிசலா அதைப் படித்துவிட்டு, "ஊசி போடாதவங்கள கேட்டீங்களாண்ணா? இது விசாரிக்க ஆரம்பிக்கறதுக்கு ஆவும், தீர்ப்பு சொல்ல ஆவாது" என்றாள். ரோஷத்தில் போய்க் கேட்டேன். ஊசியே போடாத இருபத்தொன்பது பேரில் இருபத்தைந்து பேர் அதே வலியைச் சொன்னார்கள். தறிக் குழியில் நாள் முழுக்க மிதிக்கிற கால் வேறு எப்படி இருக்கும்? தறிக்கு வேலை கொடுக்கிற எனக்கே அது தோன்றவில்லை.

அந்தப் பட்டியலை நம்பித்தான் உன் மனைவி பாக்கியமேரி ஊசி போடாமல் இருந்தாள், ஜூனில் கொரோனாவில் போனாள். போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா, தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேனே, வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னிப்பாயா?

உன்
அறவாழி

தேசூர்,
16.11.2021

அறவாழிக்கு,

உன் கடிதத்தை ரெஜி கிழிக்கப் பார்த்தான். உன்னால்தான் அம்மா போனாள் என்கிறான்.

பட்டியலில் பதினேழாவது பெயர் என்னுடையது, மறந்துவிட்டாயா? ஊசிக்கு அப்புறம் என்ன என்று கேட்டாய், கால் மரத்துப்போகிறது என்றேன். எத்தனை நாளாக என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லாரும் ஏதோ சொல்கிறார்களே என்று சொன்னேன். நீ எழுதிக்கொண்டது பெருமையாகக்கூட இருந்தது.

பாக்கியம் ஆதார் அட்டையோடு முகாமுக்குக் கிளம்பியவள். பட்டியலைக் காட்டி நான்தான் தடுத்தேன். என் பெயரைப் பார்த்துச் சிரித்தாள். "ரெஜி பொறந்தப்பவே கால் மரத்துப்போவுதுன்னு சொல்லிகினு இருந்தீங்களேங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போ" என்றேன். போய்விட்டாள்.

இதை ரெஜியிடம் நான் சொல்லவே இல்லை. அவன் உன்னைத் திட்டும்போதெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டு சும்மா இருந்தேன். மன்னிப்பதற்கு நான் யார்?

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவனிடம் கொடுக்கிறேன், படித்துவிட்டுத் தபாலில் போடச் சொல்லி.

தேவநேசன்