சோலெதாத்தின் கடைசி அத்தியாயம்

டர்ஹாம், வட கரோலைனா
நவம்பர் 9

மதிப்பிற்குரிய செல்வி ஹிமேனா ஒரோஸ்கோ அவர்களுக்கு,

வணக்கம். என் மனைவி வெர்டெலுக்கு நீங்கள் எழுதிய கடிதத்திற்கு நான் பதில் எழுத நேர்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் அவளுக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் பேச்சும் போய்விட்டன. செவியில் குறையில்லை, ஆகவே உங்கள் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

உங்கள் நாயகி, ஸ்பானிய மொழிக் குடும்பத்துப் பெண்ணான சோலெதாத்தை வெள்ளைக்காரியாக்கி, ஆம்பர் என்று பெயரிட்டால்தான் நாவலை வெளியிடுவோம் எனப் பதிப்பகத்தார் சொல்வதையும், மாதிரிக்கு முதல் அத்தியாயத்தை அவர்களே திருத்தி அனுப்பியதையும், மனம் வெறுத்து நீங்கள் கடைசி அத்தியாயத்தை எழுதாமல் நிறுத்திவிட்டதையும் அறிந்தோம். வழக்கறிஞன் என்ற முறையில், நீங்கள் உடன் அனுப்பிய ஒப்பந்தத்தைப் படித்தேன். சட்டம் அவர்களைத் தடுக்காது. மறுத்தால் வேறு பதிப்பகம் கிடைக்கும் என்றும் என்னால் உறுதி கூற இயலாது. வெர்டெலின் புத்தகங்களையே காதல் நாவல்களோடு சேர்க்காமல், கறுப்பர் நூல்கள் என்று கடையின் கோடியில் ஒதுக்கி வைக்கிறார்கள். கடைக்காரர் பார்க்காதபோது அவள் அவற்றை எடுத்துவந்து காதல் வரிசையில் செருகுவாள். அது முறையல்ல என்று நான் கண்டிப்பேன்.

சனிக்கிழமைதோறும் எங்கள் சமையலறையில் கூடும் பெண் எழுத்தாளர்களை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் கதையை மற்றவர்கள் உரக்கப் படிக்க வேண்டும், எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. இவ்வாரம் வெர்டெலின் மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றி அமர்ந்து, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நாவலைப் படித்தார்கள்.

முதலில் திருத்திய பக்கங்கள். தோலையும் கூந்தலையும் மாற்றியவர்கள் தாயை மாற்ற மறந்திருந்தார்கள். அவள் இன்னும் ஸ்பானிய மொழியிலேயே மகளைச் சாப்பிட அழைக்கிறாள். பேருந்து ஓட்டுநராக இருந்துகொண்டே கதை எழுதும் எர்லீன், "அப்போ இந்தப் புள்ளைய யாருடி பெத்தா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். வெர்டெல் சிரிக்கவில்லை. இடக்கையால் அந்தத் தாள்களைக் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டாள்.

பிறகு நீங்கள் எழுதியதைத் தொடங்கினோம். ஆண் குரல் வேண்டுமென்று நாயகனின் பேச்சை என் தலையில் கட்டினார்கள். சற்று நேரத்தில் எர்லீன், "லூசியஸ், அவன் முத்தம் குடுக்குறான்ய்யா, சம்மன் குடுக்கல!" என்றார். வெர்டெலின் பாதி வாய் சிரித்தது. நோய் கண்டபின் அதுவே முதல் முறை.

காதலர் பிரிந்த இடத்தில் தாள்கள் தீர்ந்துபோயின. காதல் நாவலில் இருவரும் இறுதியில் சேர்ந்தே ஆக வேண்டும், அதற்கு விலக்கில்லை. "நாமளே சேத்து வெச்சிருவோமே, எழுதுனவளுக்கு யாரு போய்ச் சொல்லப் போறா?" என்று எர்லீன் என் காதோடு கேட்டார். பிறர் கதைக்கு முடிவு கட்ட நமக்கு உரிமையில்லை என்று மறுத்துவிட்டேன். வெர்டெல் அடுத்த தாளுக்காக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே பார்த்தாள்.

மருத்துவர் இப்போதெல்லாம் அறைக்குள் என்னிடம் பேசுவதில்லை. வெளியே தாழ்வாரத்துக்கு அழைக்கிறார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் மறுப்பதும் உங்கள் உரிமை. எதைச் செய்தாலும் நாங்கள் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டோம். ஆனால் அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் நாயகியைச் சோலெதாத்தாகவே வைத்து எழுதுங்கள். தபாலில் சேர்க்காமல் நீங்களே கொண்டுவாருங்கள். நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று வெர்டெலிடம் சொல்லிவிட்டேன். இதுவரை நான் அவளிடம் பொய் சொன்னதில்லை.

எழுதும் உங்கள் கைகளுக்கு நலம் வேண்டி,
லூசியஸ் பெட்டிஃபோர்டு