கறுப்பி பாதியில் நின்ற சனிக்கிழமை

அக்கா,

செவ்வாய்க்கிழமை காலை முட்டைக்கோஸ் தோட்டக்காரர் என் வாசலில் வந்து நின்றார். கையில் உங்கள் தோல் வார். முயல் கண்ணில் படும்வரை நாயின் கழுத்தில் போட்டுப் பிடித்திருப்பீர்களே, அதே வார். அவருடைய கொட்டகை ஆணியில் இத்தனை மாதமும் தொங்கிக்கொண்டிருந்ததாம். வாங்கியதும் அவர் முன்னாலேயே முகர்ந்துவிட்டேன். நனைந்த நாயின் வாடை, ஈர மண், அதற்கும் அடியில் நீங்கள் முழங்காலில் தேய்க்கும் தைலம். அவர் தெருப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர்.

வாரைக் கொடுக்க மட்டும் அவர் வரவில்லை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் பெட்டை ஒன்றை எடுத்து வளர்க்கிறார். அது இப்போது இணைசேரும் பருவத்தில் இருக்கிறது. எந்த ஆணோடு சேர்ப்பது என்று இந்த வாரமே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் கொடுத்த இரண்டு ஆண் நாய்களும் அவரிடம் இருக்கின்றன. ஒன்று உங்கள் நாய் வெள்ளையனின் மகன். மற்றது என்னிடம் இருக்கும் கறுப்பியோடு பிறந்த ஆண்.

"எல்லாம் உங்கள் நோட்டில் இருக்கிறது என்று உங்கள் தோழி சொல்வார். எந்தக் கலப்பு நல்லது என்று பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்றார்.

அந்த நோட்டில் நான் எழுதிய ஒரு வரி பொய், அக்கா. அதை உங்களிடம் சொல்லாமலே உங்களை அனுப்பிவைத்துவிட்டேன். அதற்குத்தான் இந்த மடல்.

கடல் கடந்து வந்து பாபகூராவில் நாங்கள் குடியேறிய மூன்றாவது வாரம் நீங்கள் வேலிக்கு மேலே தலையை நீட்டியது நினைவிருக்கிறதா? என் வீட்டுக்காரர் ரயிலேறி எல்லர்ஸ்லி ஆபீசுக்குப் போய்விட்டார், பெண் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, தமிழோ?"

"ஆமாக்கா."

"அப்ப நல்லது. உம்மட வீட்டில நாய் இருக்கோ?"

"இல்லக்கா. எங்க வீட்டுல சாமி ரூம் இருக்கு. நாயெல்லாம் வளர்க்க மாட்டோம்."

"சாமி அறைக்குள்ள விடச் சொல்லேல்ல. ரெண்டை உம்மட பேரில பதிஞ்சு, பின்வளவில வைச்சுக்கொள்ளச் சொல்லுறன்."

ஒரு வீட்டில் இரண்டுக்கு மேல் நாய் வைத்தால் கவுன்சிலில் தனி அனுமதி வாங்க வேண்டும். உங்களிடம் நான்கு இருந்தன. பெயர் கேட்கும் முன்பே நாயைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். ஒரு மாதம் யோசித்துத்தான் சரி என்றேன். அன்றைக்கே வேலியில் ஒரு பலகையைக் கழற்றி, நாய் போய் வர வழி செய்துவிட்டீர்கள். நாய்க்கென்று திறந்த வழியில் சுண்டலும் போனது, உங்கள் பெரிய வெள்ளிக் கஞ்சியும் வந்தது.

விரி என்கிற பக்கத்து ஊரில் பெட்டி அடுக்கும் வேலை உங்களுக்கு வாரத்தில் ஐந்து நாள். சனிக்கிழமை விடிந்ததும் தோட்டங்கள். முயல் இளங்கோசைத் தின்று தீர்க்கிறது என்று தோட்டக்காரர்கள் கூப்பிடுவார்கள், நீங்கள் நாய்களோடு போவீர்கள். மன்னாரில் உங்கள் அண்ணன்மாரோடு போன பழக்கம் என்பீர்கள். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றிக் கதைக்க மாட்டீர்கள், நானும் கேட்டதில்லை. நாயைப் பற்றித்தான் கதைப்போம். வேகத்துக்கு வளர்த்த நாயையும் வேலைக்கு வளர்த்த நாயையும் சேர்த்து எடுக்கும் கலப்புக்கு லர்ச்சர் என்று பெயர் என்பதே உங்களிடம் கேட்டுத்தான் தெரியும். பிறகு நூலகத்தில் புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே படித்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவள், நாய்க்காக இங்கிலீஷ் படித்தேன்.

வேலியின் இரு பக்கமும் நின்று நாம் பேசியதை யாராவது கேட்டிருந்தால் ஏதோ கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"விப்பெட் கலந்தா என்னக்கா? சின்ன உடம்பு, சட்டுனு திரும்புமே."

"திரும்பும். காட்டு முயலைப் பிடிச்சால் தூக்கமாட்டாது. டெரியர் கலந்தால் கடிச்சதை விடாது, கறியும் மிஞ்சாது. புல் டெரியர் காட்டுப் பண்டிக்குச் சரி, முயலுக்கு ஏலாது."

"அப்போ கிரேஹவுண்ட் மட்டுமே போதாதா?"

"தோல் கடதாசி மாதிரிப் பிள்ளை. முள்ளுக்கம்பி கண்டால் கிழிஞ்சு போகும். அதோட, ஓடத் தொடங்கினால் கடவுள் கூப்பிட்டாலும் வராது."

உங்கள் ஆசை வேறு. கிரேஹவுண்டோடு, இங்கே ஆடு மறிக்கிற ஹெடிங் நாய் இருக்கிறதே, அந்தக் கோலி வகையைச் சேர்க்க வேண்டும். பிறக்கும் பெட்டையை மறுபடி கிரேஹவுண்டோடு சேர்க்க வேண்டும். முக்கால் வேகம், கால் புத்தி. கோலியிடமிருந்து பாதத்துக்கு உறுதி வரும், மயிர் வரும், சொல் கேட்கிற காது வரும். ஒரு பயமும் உங்களுக்கு இருந்தது. "கோலிக்கு யோசினை கூட. ஓடேக்க யோசிக்கத் தொடங்கினால் நிண்டிடும். அப்பிடி நிண்டால் அந்த இரத்தமே வேண்டாம்."

அந்த முதல் சேர்க்கையில் பிறந்தவள் கறுப்பி. என் வீட்டுப் பின்கட்டில், என் பெயரில், என் கையால் தின்று வளர்ந்தாள்.

அதற்குள் உங்கள் கண் மங்கத் தொடங்கியிருந்தது. இரண்டாவது வேலிக்கு அப்பால் எல்லாம் புகைபோல் தெரிகிறது என்றீர்கள். நாயை அவிழ்த்துவிடக் கை போதும், என்ன நடந்தது என்று பார்க்கக் கண் வேண்டுமே. என்னைக் கேட்டீர்கள்.

"நான் கறி சாப்பிடாதவக்கா. என்னைப் போய் வேட்டைக்குக் கூப்பிடுறீங்களே."

"அதுக்குத்தான் கூப்பிடுறன். நீர் திருநீறு பூசுற ஆள், பொய் எழுதமாட்டீர். உப்பு, புளி எல்லாத்துக்கும் கணக்கு வைக்கிறீர், என்ர நாயளுக்கும் ஒண்டு வையும்."

புது நோட்டு வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கினேன். தேதி, இடம், எந்த நாய், எவ்வளவு தூரம், எத்தனை திருப்பம், பிடித்ததா, கூப்பிட்டதும் வந்ததா, காலில் காயமா. பிடித்த முயலை நீங்கள் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்துவிடுவீர்கள். ஒரு நாள்கூட அதை என் கண்ணில் காட்டியதில்லை. வீட்டுக்கு வந்தும் என் சமையலறை ஜன்னல் பக்கமாகக் கொண்டுபோகாமல் சுற்றிக்கொண்டு போவீர்கள். நான் கவனித்தேன் அக்கா. சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை கிருத்திகை. விரத நாளில் ஓர் உயிர் போவதைப் பார்க்கக் கூடாது. உங்களிடம் சொல்லியிருந்தால், "நீர் வீட்டில இரும் பிள்ளை" என்று விட்டுப் போயிருப்பீர்கள். அதனால்தான் சொல்லவில்லை. ஞாயிறிலிருந்து வெள்ளிவரை நான் காத்திருப்பது அந்த ஒரு காலைக்குத்தான். உங்கள் காரை நான் ஓட்ட, கறுப்பியின் மூச்சு பிடரியில் பட, தமிழில் பேசிக்கொண்டு போகும் அந்த அரை மணி நேரத்துக்குத்தான்.

நீங்கள் மேட்டில் நின்றீர்கள், நான் கீழே தோட்டத்துக் கேட்டடியில் நோட்டோடு. மேற்கிலிருந்து நல்ல காற்று. முயல் எழுந்தது, கறுப்பி இழுத்ததும் நீங்கள் வாரை விட்டீர்கள். இரண்டு தடவை முயல் திரும்பியது, இரண்டு தடவையும் கறுப்பி அதோடு சேர்ந்து திரும்பினாள். அப்புறம் அது நேரே என்னைப் பார்த்து வந்தது. காது முதுகோடு ஒட்டியிருந்தது. அதன் கண் எனக்குத் தெரிந்தது அக்கா. கறுப்பியின் மூக்குக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும்.

"கறுப்பி" என்றேன். கத்தவில்லை. வாய்க்குள் முருகா என்று வந்ததுதான், வெளியே வரும்போது அவள் பெயராகிவிட்டது.

நின்றுவிட்டாள். முயல் கேட்டுக்கு அடியில் புகுந்து போனது. கறுப்பி நடந்து வந்து என் முட்டியில் தலையை வைத்தாள்.

மேட்டிலிருந்து இறங்கி வந்தீர்கள். "என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்ல?"

"விட்டுட்டாக்கா."

"விட்டிட்டாளோ? கிட்டப் போனவளோ?"

"கிட்டத்தான் போனா. பாதியில நின்னுட்டா."

"சறுக்கினவளோ, இல்ல மனம் விட்டிட்டாளோ? வடிவாச் சொல்லும்."

"சும்மா... நின்னுட்டாக்கா."

குனிந்து அவள் முதுகைத் தடவினீர்கள். "கோலிப் புத்தி. எழுதும்" என்றீர்கள்.

'பாதியில் விட்டாள்' என்று எழுதினேன். அன்றைக்கும் நெற்றியில் திருநீறு இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சரியாகிவிடும், மனதுக்குள் ஈடு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் கேட்டில் என்னைக் கண்டதும் அவளாகவே வேகத்தைக் குறைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. நான் சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை. நோட்டில் மூன்று வரி ஆனது.

மூன்று வரியை நம்பி நீங்கள் முடிவு எடுத்தீர்கள். கறுப்பிக்குக் குட்டி போடாதபடி ஆபரேஷன். அவளோடு பிறந்த ஆணைத் தோட்டக்காரரிடம் காவலுக்குக் கொடுத்தீர்கள். "உவள் உமக்கெண்டால் சரி. வேலைக்கு உதவமாட்டாள்" என்று வாரை அவிழ்த்து அவளை என்னிடம் விட்டீர்கள். என் பொய்க்கு எனக்கே பரிசு கிடைத்தது. அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். கிடைத்த சந்தோஷமும் அந்த அழுகையில் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

பிறகு நீங்கள் வெள்ளையனின் வழியில் போனீர்கள். கிரேஹவுண்டும் விப்பெட்டும். காற்று மாதிரிக் குட்டிகள். அதில் மூத்தவன் ஒரு நாள் முயலின் பின்னால் வேலி தாண்டித் தெருவுக்குப் போனான். நீங்கள் கூப்பிட்டீர்கள். எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்! லாரி நின்ற சத்தம்தான் பதிலாக வந்தது. கண் தெரியாமல் தெரு ஓரத்தில் நின்று, "எங்க பிள்ளை, எங்க கிடக்கிறான்?" என்று என் கையைப் பிடித்தீர்கள். உங்களை அவனிடம் நடத்திக்கொண்டு போனேன். கூப்பிட்டால் வருகிற இரத்தம் என் வீட்டுப் பின்கட்டில் படுத்திருக்கிறது என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவன் தலையை மடியில் எடுத்து வைத்தீர்கள். நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டீர்கள். "அந்தக் கோலிக் கலப்பில நான் பிழை விட்டிட்டனோ பிள்ளை? ஒரு தரம் கூடப் பார்த்திருக்கலாம், என்ன?"

நான் உண்மையைச் சொல்ல நீங்களே கதவைத் திறந்து வைத்தீர்கள். "இப்போ அதெல்லாம் எதுக்கு, தூங்குங்கக்கா" என்று போர்வையை இழுத்துவிட்டேன். சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், மிச்சமிருந்த இரண்டு மூன்று நாளும் நீங்கள் என்னைப் பழையபடியே பார்க்க வேண்டும் என்று இருந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டு, சொல்ல வேண்டிய இங்கிலீஷை மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் காத்திருந்தேன். தோட்டக்காரர் வந்ததும் நோட்டைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தேன். "இது நாயின் தவறு இல்லை. நான்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. வாசற்படியில் படுத்திருந்த கறுப்பியைப் பார்த்தார். மூக்கெல்லாம் நரைத்துவிட்டது அவளுக்கு.

"முயல் எவ்வளவு கிட்ட இருந்தது?"

கையால் ஒரு முழம் காட்டினேன்.

"எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்?"

"ஒரு தடவை. மெதுவாக."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உங்கள் தோழி தேடியதே இப்படி ஒரு நாயைத்தானே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அவளோடு பிறந்த ஆணைத்தான் சேர்க்கப் போகிறார். முக்கால் கிரேஹவுண்ட், கால் கோலி, நீங்கள் போட்ட கணக்கின்படியே. குட்டிகளுக்கும் என்னையே நோட்டு எழுதச் சொன்னார். இனிமேல் கேட்டில் என்னோடு இன்னொருவரும் நின்று பார்க்க வேண்டும் என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு பேனா எடுத்தேன். 'பாதியில் விட்டாள்' என்பதை அடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், 'நான் கூப்பிட்டேன். வந்தாள்' என்று எழுதினேன். நோட்டு முழுக்க நான் எழுதியவை உங்களுக்காக எழுதியவை. இந்த வரியை வாசித்துக் காட்ட ஆள் இல்லை. பெண் சிட்னியில் இருக்கிறாள். போனில் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள். வீட்டுக்காரர் வர இருட்டிவிடும். பகலில் என் வாயிலிருந்து தமிழ் வருவது சாமி அறையிலும் கறுப்பியிடமும்தான்.

உங்கள் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் வேலிப் பலகையைத் திரும்ப அடித்துவிட்டார்கள். கறுப்பி தினமும் காலையில் அங்கே போய், புது ஆணிகளுக்கு முன்னால் நிற்கிறாள். நான் பின்கதவிலிருந்து ஒரு தடவை பெயரைச் சொல்வேன். உடனே திரும்பி வந்துவிடுவாள். பார்க்கப் பொறுக்காமல்தான் கூப்பிடுவேன், அன்றைக்குப் போலவே.

இன்று சனிக்கிழமை. விடிந்ததும் போய் நின்றாள். உங்கள் வாரைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் பின்கதவுக்கு வந்தேன். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு காது என் பக்கம் திரும்பியிருந்தது, மற்றது உங்கள் பக்கம்.

நான் கூப்பிடவில்லை, அக்கா. அவளுக்கு வேண்டியமட்டும் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். தூறல் பிடித்தது. இன்னும் நிற்கிறாள்.