வியேனே அல்ல, வெங்கா

சிஸ்டர்,

இன்று காலை பம்பாயிலிருந்து ஒரு பார்சல் வந்தது. துணியைப் பிரித்ததும் டிங்சர் வாசனை. உள்ளே உங்கள் நீல அட்டை நோட்டு, ஓரத்தில் பழுப்புக் கறையோடு இருந்தது. அதனடியில் மடித்த தாள் ஒன்று. மடித்திருந்த விதத்தைப் பார்த்ததுமே அது நான் எழுதிய கடிதம் என்று தெரிந்துவிட்டது. அதைத் தொடாமல் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

ஒன்றரை வருடமாக நான் பயந்துகொண்டிருந்த ஒரு சொல் அந்தத் தாளில் இருந்தது. அதை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேப்பனப்பள்ளி ரோட்டில் உங்கள் ஆஸ்பத்திரி திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, ஸ்பெயின் நாட்டு நர்சம்மாவுக்குத் தமிழ் சொல்லித்தரவும் சீட்டு எழுதவும் படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் பி.ஏ. வரை போன முதல் ஆள் நான். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. உங்களுக்கு இருபத்தாறு வயது, எனக்கு இருபத்திரண்டு. உங்களுக்குப் பேச மொழி இல்லை, எனக்குப் பேசத் துணிச்சல் இல்லை. முதல் மாதம் முழுக்க இந்த நோட்டில் எழுதித்தான் பேசிக்கொண்டோம்.

நாராயணம்மாவை நினைவிருக்கிறதா? வாரம் ஒரு முறை மூட்டுவலிக்கு மாத்திரை வாங்க வருவாள். அவளிடம் ஒருநாள், "நான் விரும்புறேன், நீங்க மாத்திரை சாப்பிடட்டும்" என்றீர்கள். அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்து, "இது இன்னாடி, சாமி வரங் குடுக்கறாப்ல பேசுது. சாப்புடுன்னா சாப்புடப் போறேன்" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்துவிட்டு, அன்று மத்தியானம் என்னிடம் நோட்டை நீட்டினீர்கள். 'சாப்பிடணும்' என்று எழுதிக் கொடுத்தேன். அது ஏன் உங்களுக்கு வரவில்லை என்று விளக்கத்தான் நீங்கள் அந்த அட்டவணையைப் போட்டீர்கள்.

உங்கள் மொழியில் வினைக்கு இரண்டு வரிசை. நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல ஒன்று. ஆசைப்படுவது, சந்தேகப்படுவது, ஒருவரைக் கேட்டுக்கொள்வது என்று இன்னும் நடக்காததையெல்லாம் சொல்ல இன்னொன்று. 'நான் வருகிறேன்' என்பதற்கு வெங்கோ. கடைசி ஓவைக் கழற்றிவிட்டு ஆவை மாட்டினால் வெங்கா. வரட்டும், வர வேண்டும். 'அவர் வருகிறார்' என்றால் வியேனே. பேசுகிறார் என்பது ஆப்லா, பேசட்டும் என்பது ஆப்லே. சாப்பிடுகிறார் கோமே, சாப்பிடட்டும் கோமா. ஆ என்று முடிவது ஏக்குப் போகும், ஏ என்று முடிவது ஆவுக்கு வரும். "எங்க ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாதிரி" என்று நான் சொன்னேன். உங்கள் எதிரில் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அது என்ன வழக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வெகுநேரம் சிரித்தீர்கள்.

எனக்கு அந்த இரண்டாவது வரிசை மிகவும் பிடித்துப்போனது. எதையும் அடித்துச் சொல்லாமல் பேச ஒரு மொழி தனி வழி வைத்திருக்கிறது என்பது என்னைப் போன்றவளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அப்போது உங்களிடம் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் இதற்கு நேர் எதிர் என்று நீங்கள் சொல்வீர்கள். கம்பவுண்டர் வெங்கடப்பாவைக் கூப்பிட்டால் கிணற்றடியிலிருந்தே "வந்துட்டேன் சிஸ்டரம்மா" என்று குரல் வரும். ஆள் வரப் பத்து நிமிடம் ஆகும். "எங்கே வந்தீங்க? காணோம்" என்று நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

"மனசு அப்பவே வந்துடுச்சு சிஸ்டரம்மா. காலுதான் பின்னால வருது."

நடக்காததை நடந்ததாகச் சொல்லும் ஊர் என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். இன்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

பிறகு அந்த ஆடி மாதம் உங்களுக்கு ஜுரம் வந்தது. கூட இருந்த மூத்த சிஸ்டர் கண் ஆபரேஷனுக்குப் பம்பாய் போயிருந்தார். வெளியே தினமும் நாற்பது பேர் காத்துக்கிடந்தார்கள். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, பம்பாயில் உங்கள் மடத்துத் தலைவியான மதருக்குக் கடிதம் எழுதச் சொன்னீர்கள். வேறொரு சிஸ்டர் வர வேண்டும். அவ்வளவுதான் செய்தி. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள். ஒரு சொல் சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். மதருக்கு அது நன்றாகவே தெரியும். ஸ்பானிஷில் எழுதினால் உங்களிடம் படித்தவள் என்று தெரியுமே என்ற சின்னக் கர்வம் எனக்கு. எழுதி முடித்து, கையெழுத்துக்காக உங்கள் தலையணை அருகே வைத்துவிட்டு, சீட்டுக் கொடுக்க ஓடினேன். சாயங்காலம் வெங்கடப்பா அதை உறையில் போட்டு ஒட்டித் தபாலில் சேர்த்தார்.

யாரும் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்தோம். ஜுரம் கொஞ்சம் விட்டதும் நீங்கள் எழுந்து வேலைக்கு வந்துவிட்டீர்கள். "படுத்துக்கோங்க சிஸ்டர்" என்று நாராயணம்மாகூடச் சொன்னாள். திரும்பவும் ஜுரம் ஏறியபோது பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். சூளகிரி தாண்டும்போதே எல்லாம் முடிந்துவிட்டது என்று வண்டியோடு போன வெங்கடப்பா வந்து சொன்னார்.

பத்து நாள் கழித்து, அந்தக் கடிதத்துக்கு நான் முதலில் எழுதிப் பார்த்த தாள் கையில் கிடைத்தது. 'சிஸ்டர் சொல்கிறார், வேறொரு சிஸ்டர்...' என்பதற்குப் பிறகு வெங்கா என்று வர வேண்டிய இடத்தில் வியேனே என்று எழுதியிருந்தேன். வேறொரு சிஸ்டர் வர வேண்டும் என்பது வேறொரு சிஸ்டர் வருகிறார் என்று ஆகியிருந்தது. யாராவது வந்துவிட மாட்டார்களா என்ற தவிப்பில், வந்துகொண்டிருப்பதாகவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது. அதைப் படித்த மதர் என்ன நினைத்திருப்பார்? திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாரோ கிளம்பிவிட்டார்கள், இனி நாம் அனுப்ப வேண்டியதில்லை என்றுதானே?

அன்று ஆஸ்பத்திரி வேலையை விட்டேன். கிருஷ்ணகிரியில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தூரம் என்று சொன்னேன். பள்ளிக்கூடம் அதைவிடத் தூரம். அப்பாவிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "ஒரு எழுத்துல ஒரு உசுரு போவுமா கண்ணு?" என்று கேட்டார். போகும் என்று சொன்னேன்.

இன்று கொட்டகையில் என்னைத் தேடி வந்ததும் அவர்தான். கையில் அந்தத் தாள். "படிச்சுப்புடு. வச்சிருந்தா மட்டும் மாறிடவா போவுது" என்று கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

பிரித்தேன். என் மை எழுத்து, மூன்றாவது வரி. வியேனே என்ற சொல்லின் மேல் பென்சிலால் ஒரே ஒரு கோடு. அதற்கு மேலே, ஜுரச் சீட்டில் நீங்கள் எழுதுவீர்களே, அதே சாய்ந்த எழுத்தில், வெங்கா.

நீங்கள் படித்திருக்கிறீர்கள். கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த மத்தியானம், நூற்று மூன்று டிகிரியில், வரி வரியாகப் படித்துத் திருத்தியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கூசிப்போவேன் என்று தெரியும் உங்களுக்கு.

"என்னா கண்ணு? நீ தப்பு பண்ணலியா?" என்றார் அப்பா.

"பண்ணியிருக்கேன்ப்பா. ஆனா அது போய்ச் சேரல."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி, எந்திரி. களி ஆறிப் போவுது" என்றார். வெகுநாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகுதான் பார்சலில் மதர் எழுதிய சீட்டு ஒன்றும் இருப்பதைக் கவனித்தேன். உங்கள் பொருள்களை ஒழுங்குபடுத்தும்போது நோட்டு கிடைத்ததாம்; தன்னிடம் இருந்த கடிதத்தையும் சேர்த்து அனுப்புவதாகவும், இரண்டையும் என்னையே வைத்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார். கீழே இன்னும் இரண்டு வரி. கடிதம் வந்தபோது மடத்தில் ஐந்து பேர் படுக்கையில் கிடந்தார்களாம். இங்கே ஆள் வேண்டும் என்று தெரிந்தும் அனுப்ப ஒருவர்கூட இல்லையாம். 'அன்று நானே கிளம்பியிருக்க வேண்டும்' என்று முடித்திருந்தார்.

அதை இரண்டு மூன்று முறை படித்தேன். என் தோளிலிருந்து இறங்கியது அவர் தோளில் இருக்கிறது. அவரும் இவ்வளவு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நீங்கள் போன பிறகு நான் ஒரு ஸ்பானிஷ் சொல்கூட எழுதவில்லை, சிஸ்டர். மறந்துபோயிருக்கும் என்றுதான் நினைத்தேன். இன்று மத்தியானம் மதருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஜுரத்திலும் நீங்கள் மதரைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அது நடந்த விஷயம், அதை எழுதுவது சுலபம். முதல் வரிதான் கஷ்டம். வருந்தாதீர்கள் என்று ஒருவரைக் கேட்டுக்கொள்வதும் உங்கள் இரண்டாவது வரிசையில்தான் வரும். வருந்துகிறார் என்றால் சுஃப்ரே. ஏயை எடுத்துவிட்டு ஆவை வைத்தேன். நோ சுஃப்ரா, மத்ரே.

திருத்த யாரும் இல்லை. பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு, எழுதியதை முதலிலிருந்து நானே ஒருமுறை படித்தேன். எங்கும் கோடு போட வேண்டியிருக்கவில்லை. உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.