ஏரியை எழுப்பிய வட்டில்

அம்மிணி,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று என் வீட்டுப் பரணிலிருந்து நீ சோறுண்ட பித்தளை வட்டிலை இறக்கினேன். நீ கல்லால் தட்டிய பள்ளங்கள் அடியில் அப்படியே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் ஏரிக்கு மறுபடியும் துரை துப்பாக்கியோடு வருகிறாராம். அழைத்திருப்பவர் நம் பெரியண்ணன்தான்.

கணவன் போய் நீ பிறந்த வீட்டுக்குத் திரும்பிய வருஷம், நான் வாத்தியார் வேலை பார்த்த திருச்செங்கோட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து உன்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போவேன். "தாலியறுத்தவளுக்கு ஏரிக்கரையில என்ன வேடிக்கை?" என்றார்கள். சொன்னவர்கள் முகம் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. கோரைக்குள் தாழைக்கோழி குஞ்சுகளோடு நீந்தும். வெயில் தாழ்ந்ததும் நத்தைகுத்தி நாரைகள் கருவேல மரங்களில் வந்து இறங்கும். நான் ஏதாவது விளக்க ஆரம்பித்தால், "சித்த பேசாம இருங்கண்ணா. அதுக்குத்தான் உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்குதல்லோ" என்பாய்.

அந்த ஏரியில் பறவையைச் சுடக் கூடாது என்பது ஊர்க்கட்டு. அதைக் காக்க வேண்டிய மணியக்காரரான பெரியண்ணனே, துப்பாக்கி லைசென்ஸுக்கு ஆசைப்பட்டுத் துரையைக் கூட்டி வந்தார். அவர்கள் கரையேறிக் குறிபார்ப்பதற்குள், சோளக்காட்டில் குருவி விரட்டுவது போல நீ வட்டிலைத் தட்டினாய். ஏரி மொத்தமும் எழுந்து மேற்கே போயிற்று. துரை வெறுங்கையோடு திரும்பினார்.

"என் மானத்தை வாங்கிப்போட்டியே, புள்ள" என்றார் பெரியண்ணன்.

"உங்க மானம் எங்கீங்க போச்சு? குருவிதானுங்க போச்சு" என்றாய்.

அதன் பிறகு நீ வாசல் தாண்டவில்லை. ஏரியைப் பார்த்திருந்த சன்னலையும் அவர் பலகை வைத்து அடைத்தார். நீ காய்ச்சலில் கிடந்தபோதும், கண்ணை மூடியபோதும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. இன்றுவரை உன் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதாம். இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

இந்த மடலை உன் பெயருக்கு, அந்த வீட்டு விலாசத்துக்கே தபாலில் போடுகிறேன். உனக்கு வரும் கடிதங்களை எப்போதும் அவர்தான் பிரிப்பார், இதையும் பிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கரையில் இந்த வட்டிலோடு நான் நிற்பேன் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கையெழுத்துப் போடவில்லை. பயத்தால் அல்ல, என் எழுத்து அவருக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் உன் பெயர் மட்டும் போகட்டும்.