மாற்று லோஞ்சு

நவம்பர் 6, திங்கள்

விடியவே மழை. புதுக் கொப்பி, முதற் பக்கம்.

1. எழுதுபவர்: க. சிவசம்பு, பிறக்கிராசியும் நொத்தாரிசும் (வழக்குப் பேசுபவரும் உறுதி எழுதுபவரும்), பாலையூற்று வாசி, துறைமுகக் கம்பனியின் சட்டச் செயலாளர்.
2. வாசிப்பவரும் அவரே.

மகள் பத்மா காலை லோஞ்சில், கம்பனியின் பயணிகள் படகில், கடல் கடந்து மூதூருக்கு. வெள்ளி வரை அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பு. குடையை விட்டுப் போய்விட்டாள்.

கம்பனி எஞ்சினியர் தருமலிங்கம் (தரு.) இயந்திரங்களை வகுப்புப் பிரித்துப் பட்டியல் கொண்டுவந்தார். இயந்திரம் திருத்தும் பிற்றர்மார் ஒரு குழுவே. இந்த மாரியில் எதை முதலில் பழுது பார்ப்பது? அவர் அளவுகோல்: நின்றால் எவ்வளவு கேடு, பதிலுக்கு வேறொன்று உண்டா. முதலாம் வகுப்பு: ஐஸ் தொழிற்சாலை, வெள்ளையர் கடற்படை விட்டுப்போன கிரேன். மூதூர் லோஞ்சு மூன்றாம் வகுப்பு. காரணம்: மாற்று லோஞ்சு உண்டு.

சனத்தை ஏற்றுவது மீனுக்குப் பின்னாலா? மீன் முதலாளிமார் எவராவது கைக்கூலியோடு தரு.வைக் கண்டிருப்பார்களோ? ஆதாரம் இல்லை.

நவம்பர் 7, செவ்வாய்

வெயில். பல்வலி.

கம்பனிக் கூட்டத்தில் லோஞ்சின் வகுப்பைக் கேள்விக்கு உட்படுத்தினேன். தரு. மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஐயாட மகள் அதிலதானே போறவ. அதுதான் இந்தக் கதை."

சொன்னதில் பிழை இல்லை. சம்பந்தப்பட்டவன் தீர்ப்புச் சொல்லலாகாது. என் சம்பந்தத்தைப் பதியச் செய்து, தீர்மானத்திலிருந்து விலகிக்கொண்டேன். லோஞ்சு மூன்றாம் வகுப்பிலேயே. தரு.வுக்கு நான் விலகுவேன் என்பது முன்பே தெரிந்திருக்குமோ?

வாங்க: கிராம்பு எண்ணெய், சவரக் கத்தி.

நவம்பர் 10, வெள்ளி

பத்மா இருட்டிய பின்பே வந்தாள். நடுக்கடலில் எஞ்சின் கொதித்து இரு தடவை நின்றதாம். ஓட்டி உதுமாலெவ்வை கடல்நீர் அள்ளி ஊற்றினாராம். "நாங்களும் வாளி குடுத்தம் அப்பா. நல்ல பம்பல், ஒரே சிரிப்பு."

நான் சிரிக்கவில்லை.

நவம்பர் 11, சனி

மாற்று லோஞ்சைக் கண்ணால் காணப் போனேன். பட்டறைக்குப் பின்னால், கரையில், தென்னங்கிடுகு மூடியபடி. எஞ்சினில், அதைக் குளிரவைக்கும் தண்ணீர்ப் பம்பு இல்லை. அது பூட்டியிருந்த இடத்தில் வெறும் துளைகள், ஒன்றில் குளவிக் கூடு.

தரு.வைக் கேட்டேன். ஒளிக்கவில்லை. ஐஸ் தொழிற்சாலைப் பம்பு உடைந்தபோது கழற்றிக் கொடுத்ததாம். "ஒரு கிழமைக்கெண்டுதான் எடுத்தனாங்கள். பிறகு மறந்து போச்சு."

முதலாளியும் இல்லை, கைக்கூலியும் இல்லை. ஐந்து நாளாகக் கள்ளனைத் தேடியிருக்கிறேன். அப்படியானால் வகுப்பை மாற்றுங்கள் என்றேன். "கிரேனைக் கழட்டிப் போட்டிருக்கு ஐயா. இப்ப ஏலாது. அடுத்த கூட்டத்தில பாப்பம்."

நவம்பர் 12, ஞாயிறு

காற்று கூடிவிட்டது. முற்றத்து முருங்கை முறிந்தது.

நாளை போகவேண்டாம் என்றேன். பத்மா காரணம் கேட்டாள். லோஞ்சின் நிலையைச் சொன்னேன்.

"மற்ற டீச்சர்மாருக்கும் சொன்னீங்களோ?"

ஒருவருக்கும் சொல்லவில்லை. நாளை ஏதும் நேர்ந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூண்டில் என்னிடம் கேட்கக்கூடியதும் இதுவே. தன் பிள்ளையை மட்டும் மறித்தவன் அபாயத்தை அறிந்தவன். அறிந்தும் மற்றவர்களை ஏறவிட்டவன்.

உறக்கம் இல்லை.

நவம்பர் 13, திங்கள்

மழை. இறங்குதுறை. சனம் ஏறிவிட்டது, கோழிக்கூடு, சைக்கிள், அரிசி மூட்டை. லோஞ்சை மறிக்க எனக்கு அதிகாரம் இல்லை. தெரிந்தே மறித்தேன். ஒருவர் நல்லாய் ஏசினார்.

உதுமாலெவ்வை என்னையே பார்த்தார். "மகள் இண்டைக்கு வரல்லையா ஐயா?"

"வந்திருக்கிறா. அந்தா நிக்கிறா."

"அப்ப எழுதித் தாங்க. எஞ்சின நிப்பாட்டுறன்."

எழுதிக் கொடுத்ததன் பிரதி:

இந்த லோஞ்சு பழுது பார்க்கப்படும் வரை, அல்லது மாற்று லோஞ்சுக்குப் பம்பு பூட்டப்படும் வரை, துறையை விட்டு நீங்கலாகாது. இதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. பொறுப்பு என்னுடையது.

பத்மா சாட்சிக் கையொப்பம் வைக்கக் கை நீட்டினாள். பேனாவைக் கொடுக்கவில்லை. சம்பந்தப்பட்டவள்.

(ஒப்பம்) க. சிவசம்பு

சாட்சிகள்:
மீ. உதுமாலெவ்வை, லோஞ்சு ஓட்டி
சீ. நாகம்மா, கட்டைபறிச்சான் வாசி, பிரயாணி (பெருவிரல் அடையாளம்)