பெரிய வெள்ளிக்கிழமை கேட்ட மணி

சேரப்பணஞ்சேரி,
6-5-1984

அன்பு மகள் செல்வமேரிக்கு உன் நைனா எழுதுவது. மாதாவின் காவலில் குவைத்தில் உன் வேலையும் உடம்பும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை ஒரு தூறலோடு நின்றுவிட்டது, சிவலை மாடு கன்று போட்டிருக்கிறது, என் சைக்கிள் கடை ஏதோ நடக்கிறது, நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அண்ணன் தாமஸைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், கூடவே உன்மேல் எனக்கிருக்கும் வருத்தத்தையும். அண்ணனைப் பேயோட்டுகிற கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், சங்கிலி போட்டாலும் பரவாயில்லை என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். அவள் அந்தக் கடிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம், 'நர்ஸு படிச்சவளே எழுதிக்கீறா, இந்த மனுசனுக்குத்தான் புத்தி இல்ல' என்று காட்டுகிறாள். பஞ்சர் ஒட்டிக்கொண்டே பொட்டலம் கட்டி வந்த பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காகப் படித்த நீ இப்படி எழுதலாமா?

வேப்பம்பூ கொட்டத் தொடங்கியதும் இந்த வருஷமும் அவனுக்கு அந்த வலி வந்துவிட்டது. போன வருஷமும் பூவோடு வந்து பூவோடு போனதை உனக்கு எழுதியிருந்தேன். நடுவில் மாதக்கணக்காக ஒன்றும் இருக்காது. வந்துவிட்டால் தினமும் வரும், உன் அண்ணி ஞானம்மா உலை வைக்கிற நேரத்துக்குத்தான் வரும். அவள் அரிசி களைகிற சத்தம் கேட்டதும் உன் அண்ணன் இடது கண்ணைப் பொத்திக்கொள்வான். அந்தக் கண் சிவந்து, இமை பாதி இறங்கி, அதிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டும், அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகும். வலது பக்கத்துக்கு ஒன்றுமே இல்லை. பாதி முகம் அழும், மறு பாதி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெற்றவன் எனக்கே அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. படுக்கமாட்டான், உட்காரமாட்டான், நடந்துகொண்டே இருப்பான், சுவரில் முட்டுவான். கம்பெனியில் சூப்பர்வைசர் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, 'இன்னாடா, காலைலயே ஏத்திக்கினு வந்துட்டியா?' என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டான். இவனோ இந்த நாட்களில் ஒரு வாய் பீர் குடித்தாலும் வலி வந்துவிடுகிறது என்று வாசனைகூடப் பார்ப்பதில்லை.

கோயிலில் மணி அடிக்கிற சாலமோன் வந்து பார்த்துவிட்டு, இது வியாதி இல்லை, உங்கள் வீட்டுப் பழைய ஆவி என்றான். நான் கடையில் இருந்த நேரத்தில் அவனும் நாலு ஆட்களும் தாமஸைக் கொடிமரத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள், உன் அம்மாவும் சம்மதித்தாள். நான் ஓடிப்போனபோது, 'அவுத்து வுடு நைனா, நடந்தாதான் உசுரு நிக்கிது' என்று கதறினான். அவிழ்க்க விடாமல் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மத்தியானத் திரிகால ஜெபத்துக்கு மணி அடித்தது, வலியும் நின்றது. மறுநாளும் மணியோடு நின்றது, அதற்கடுத்த நாளும் அப்படியே. சாலமோன் என்னிடம், 'இன்னா சின்னப்பராஜி, உன் பேப்பர்ல இத போட்டுக்கீறானா?' என்றான்.

பிறகு பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. வியாழன் இரவுப் பூசையிலிருந்து உயிர்ப்புப் பூசை வரை கோயில் மணியைத் தொடக் கூடாது என்பது உனக்குத் தெரியும். மணி இல்லாவிட்டால் ஆவி இறங்காது, இன்றைக்குக் கெட்டியாகக் கட்டுங்கள் என்று சாலமோன் சொல்ல, ஊரே வெயிலில் முழந்தாளிட்டு ஜெபித்தது. தாமஸ் கயிற்றுக்குள்ளேயே காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தான். ஒரு நேரத்தில் சட்டென்று அடங்கினான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, 'மணி அட்ச்சிட்டாங்களா நைனா?' என்று கேட்டான். உன் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, 'அட்ச்சாச்சிப்பா, நான் கேட்டேனே' என்றாள். அக்கம்பக்கத்தில் இருந்த பெண்களும் கேட்டோம் கேட்டோம் என்றார்கள். நான் திரும்பி மணியைப் பார்த்தேன். கயிறு சுருட்டி ஆணியில் மாட்டியபடியே இருந்தது, அதன்மேல் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. யாரும் அடிக்கவில்லை. அவன் தலைக்குள்ளேயே ஏதோ ஒன்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. இதைச் சொன்னால் சாலமோன் ஒத்துக்கொள்கிறானா? பேயே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது, இனிச் சங்கிலிக் கோயில்தான் என்கிறான். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை புறப்படுவதாக உன் அம்மா நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

ஈஸ்டர் முடிந்ததும் யாரையும் கேட்காமல் அவனைப் பட்டணத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கே அரிசி களைய ஆள் இல்லை, ஆனால் அதே நேரத்துக்கு வராந்தாவில் வலி வந்துவிட்டது. மூளை டாக்டர் முகமூடி வைத்து ஆக்சிஜன் இழுக்கச் சொன்னார், கொஞ்ச நேரத்தில் தணிந்தது. இதற்குக் கொத்துத் தலைவலி என்று பெயராம், சில வாரங்கள் கொத்தாக வந்துவிட்டுப் போகுமாம். மூளையின் அடியில் நடுவாக ஒரு சிறிய இடம் இருக்கிறதாம். எப்போது தூங்குவது, எப்போது பசிப்பது, எந்தச் சுரப்பு எவ்வளவு என்பதெல்லாம் அதன் பொறுப்பாம், பகல் நீள்வதும் குறைவதும்கூட அதற்குத் தெரியுமாம். கோளாறு அங்கே தொடங்குகிறதோ என்று சந்தேகிக்கிறார்கள். மறுமுறை போனபோது, இரத்தத்தில் ஆண்களுக்கான சுரப்பு குறைந்திருக்கிறது, இந்த வலிக்காரர்கள் சிலருக்கு அப்படி இருப்பதுண்டு என்றார். தாமஸ் தலையைக் குனிந்துகொண்டான். குறைந்ததால் வலியா, வலியிலும் தூக்கம் கெட்டதிலும் குறைந்ததா என்று நான் விடாமல் கேட்டேன். தெரியவில்லை என்றார். இத்தனை பேரில் தெரியவில்லை என்று சொன்னவர் அவர் ஒருவர்தான், அதனால் அவரை நம்புகிறேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்றும் கேட்டார். சில குடும்பங்களில் தொடருமாம், ஆண்களுக்கு அதிகம், பெண்களுக்கும் உண்டாம். உன் தாத்தா சூசை ஏரியில் கால் வழுக்கி விழுந்து இறந்தார் என்றுதான் உங்களுக்குச் சொல்லி வளர்த்தோம். அவரையும் வேப்பம்பூ நாட்களில் இதே கொடிமரத்தில்தான் கட்டினார்கள். ஒருநாள் கயிற்றைப் பல்லால் அறுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் ஓடினார். நான் சின்னப் பையன், பின்னாலேயே ஓடினேன், எட்டவில்லை. தாமஸின் மணிக்கட்டிலும் இப்போது கயிற்றுத் தழும்பு இருக்கிறது. வலி வரும்போது ஏரிக்கரைமேல் போய் நடக்கிறான். சங்கிலிக் கோயிலுக்கு அவனை அனுப்பமாட்டேன், உன் அம்மா என்னோடு பேசாமல் போனாலும் சரி. அவள் உன் பேச்சை மட்டும்தான் கேட்பாள், ஆகையால் இது கிடைத்த உடனே கட்ட வேண்டாம் என்று அவளுக்குத் தந்தி கொடு.

இனி நீ அனுப்பிய போட்டோ. ஈஸ்டர் பூசைக்குப் பிறகு தோழிகளோடு எடுத்தது என்று எழுதியிருந்தாய், எல்லாரும் அழகு என்றார்கள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். உன் இடது இமை பாதி இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தின் ஓரத்தில் இருந்ததை மறுபடி படித்தேன், மணல் காற்றில் ஒரு கண் எரிந்து நீர் வடிகிறது, சைனஸ் என்று எழுதியிருக்கிறாய். மணல் காற்று இரண்டு கண்ணிலும்தானே அடிக்கும்? அங்கே வேப்பமரம் இல்லை, நம் கோயில் மணி இல்லை, உலை வைக்க ஞானம்மா இல்லை. இங்கிருந்து எதுவும் உன்னைத் துரத்திக்கொண்டு கடல் தாண்டியிருக்காது. நீ புறப்பட்ட அன்றே உன்னோடு வந்திருக்கும். எந்த நேரத்துக்கு வருகிறது, தினமும் அதே நேரத்துக்குத்தானா என்று ஒளிக்காமல் எழுது, கடை விலாசத்துக்கு எழுது. உங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டு. அந்த நேரத்தில் நடக்க வேண்டும்போல் இருந்தால் நட, யாரையும் உன்னைப் பிடிக்க விடாதே.

ஆண்டவரும் மாதாவும் உன் தலைமாட்டில் இருந்து காக்கட்டும். தந்தியை மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் நைனா
சூ. சின்னப்பராஜ்

பி.கு. அந்தப் போட்டோவை ஜெபப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கடைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். சாலமோன் அதைக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டான். நீ லீவில் வருவதாக இருந்தால் வேப்பம்பூ கொட்டி முடிந்த பிறகு வா.