நான்காம் கொட்டகை

மார்ச் 3, திங்கள்
மலாக்காவிலிருந்து தர்மினி என்ற ஆராய்ச்சி மாணவி, ரெம்பியாவில் நான் மேற்பார்வை பார்க்கும் கோழிப்பண்ணைக்கு வந்தாள். ஆண்டிபயாட்டிக்குக்குச் சாகாத கிருமி கோழிகளிடமும் வெளிப் பறவைகளிடமும் இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். வலை கட்டி மைனாக்களைப் பிடித்து, பின்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துப் பறக்கவிட்டாள். பிறகு, "கோழிகிட்ட எங்க சாம்பிள் எடுக்கலாம் அங்கிள்?" என்றாள்.

எதைக் காட்ட வேண்டும் என்று முதலாளி திலீப் நேற்றே சொல்லி வைத்திருந்தார். நான்காம் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அங்கே மட்டும்தான் இன்னும் ஆண்டிபயாட்டிக் மருந்து ஆரம்பிக்கவில்லை. மற்ற ஐந்திலும் தினமும் குடிதண்ணீரில் கலக்கிறோம். கலப்பவன் நான்தான்.

"எல்லாக் கொட்டகையும் இப்படித்தானா?"

"எல்லாம் ஒண்ணுதான்மா."

மார்ச் 4
சின்னப் பொய்தான். எழுதிப் பார்த்தால் சின்னதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 15
தர்மினியின் அறிக்கை வந்தது. கோழிகள் சுத்தம். மைனாக்களிடம் கிருமி. முதலாளி சிரித்தார். பண்ணையை ஒட்டி பெத்தம்மாள் அக்கா வாத்து வளர்க்கிறார். வாத்துத் தீவனத்துக்கு மைனாக்கள் கூடும். "அங்கேருந்துதான் வருது. வாத்த ஒழிக்கச் சொல்வோம் வாங்க, கிருபாலன்" என்று காகிதத்தோடு என்னையும் கூட்டிப் போனார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. நெசமாவே என் வாத்துன்னா போட்டிருக்கு?"

அதில் வாத்து என்ற சொல்லே கிடையாது.

"ஆமாக்கா" என்றேன்.

ஐயோ, ஏன்டா சொன்னே? எப்படிடா வாய் வந்துச்சு ஒனக்கு?

ஏப்ரல் 17
பெத்தம்மாள் அக்கா இருபத்து மூன்று வாத்துகளையும் அறுத்துப் புதைத்துவிட்டார். ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. "சாப்பிட்டு யாருக்காச்சும் நோவு வந்தா பாவம்லா" என்றாராம்.

ஏப்ரல் 18
வழக்கம்போல ஐந்து கொட்டகைக்கும் மருந்து கலந்தேன்.

மே 6
தர்மினி போன் செய்தாள். "கோழிக்குக் குடுக்கிற மருந்துக்குத்தான் மைனாகிட்ட உள்ள கிருமி சாகல அங்கிள். ஆனா உங்க கோழில ஒண்ணுமே இல்ல. நான்தான் சாம்பிள் எடுத்ததுல தப்புப் பண்ணிட்டேன்னு நினைக்கிறேன். சாரி அங்கிள். திரும்ப வரட்டுமா?"

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். என் மகள் வயது.

"தப்பு ஒன் மேல இல்லம்மா. நான் காட்டின கொட்டகை..." தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், வாத்து உட்பட.

அப்புறம் அவள் கேட்டாள்: "மத்த கொட்டகைய காட்டுவீங்களா?"

மே 9
காட்டினேன். சாயங்காலமே முதலாளி சாவிக்கொத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இருபது வருடம் இருந்த இடம். எதிர்த்துப் பேச எனக்கு என்ன இருக்கிறது?

ஜூன் 12
ஐந்து கொட்டகைகளிலும் அதே கிருமி. எங்கள் கழிவுநீர்க் கால்வாயில் மேய்ந்துதான் மைனாக்களுக்குத் தொற்றியிருக்கும் என்கிறாள் தர்மினி. மருந்தை நிறுத்தச் சொல்லி அதிகாரிகள் வந்தார்களாம்.

இப்போது தங்கியிருக்கும் புக்கிட் காத்திலிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெத்தம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காகிதத்தில் வாத்தே இல்லை என்பதை நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"அன்னிக்கு ஒங்க மூஞ்சியப் பாத்துத்தானே தம்பி கேட்டேன்?"

"ஆமாக்கா."

அக்கா மீதித் துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. என்னை உட்காரவும் சொல்லவில்லை. வெயில் இறங்கும்வரை வாசலிலேயே நின்றுவிட்டு வந்தேன்.